பொட்டு வைக்காத மூன்றாவது டிஸ்க்

"ரெய்டு இருக்கு சார், கவலையே வேண்டாம்." இனி யாராவது என் முன்னால் இப்படிச் சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். ஓய்வு பெற்றவன், எழுந்துபோக எனக்கு உரிமை உண்டு. உங்களுக்கு இல்லை. இந்த சர்வர் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகியிருக்கும். நாளைக்கே பம்பாயில் செம்பூரிலோ வாஷியிலோ ஓர் ஆபீசில் உங்களை உட்காரவைத்து, கட்டிங் சாய் வாங்கிக் கொடுத்து, "அதான் ரெய்டு இருக்கே, அப்புறம் பேக்கப் எதுக்கு?" என்று கேட்பார்கள். அந்தச் சாயைக் குடிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். நாங்கள் அதிகமாக விற்றது எட்டு டிஸ்க் பெட்டி. எட்டும் சேர்ந்து ஒரே டிஸ்க் போல வேலை செய்யும், இந்த ஏற்பாட்டுக்குத்தான் ரெய்டு என்று பெயர். ஒன்று செத்தால் மற்ற ஏழும் சமாளித்துக்கொள்ளும். இரண்டாவதும் செத்தால் மொத்தமும் போச்சு. விற்கும்போது "ஒன்று செத்தாலும் கவலை இல்லை" என்பதைச் சத்தமாகச் சொல்வோம். அடுத்த வரியை வாங்குபவர் கேட்பதில்லை, நாமாகவும் சொல்வதில்லை. எட்டும் ஒரே அட்டைப்பெட்டியில் வந்தவை, ஒரே சமயத்தில் செய்தவை, ஒரே சூட்டில் வருடக்கணக்காக ஓடுபவை, அதனால் சாகிற காலமும் அடுத்தடுத்துத்தான் வரும் என்பதையும் சொல்வதில்லை. தாயத்து விற்பவன்கூட இதைவிட யோக்கியமாக விற்பான். இப்போது டிஸ்க் ஒவ்வொன்றும் பூதம் மாதிரி ஆகிவிட்டது. செத்ததற்குப் பதில் புதியதைப் போட்டு நிரப்பவே நாள்கணக்கில் ஆகிறது. அந்த நாட்களில் இன்னொன்று போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றுவார்கள்.

நான் இதையெல்லாம் புத்தகத்தில் படித்துக் கோபப்படவில்லை. செம்பூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் பட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கே பட்டவன் நான் மட்டும் என்றால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இதை எழுதவே மாட்டேன். பட்டது வேறொருவர்.

அவர் பேர் பேச்சியம்மாள். தாராவியில் எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி வீடு. அவர்களும் திருநெல்வேலிப் பக்கம், நாங்களும் அந்தப் பக்கம்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் பேச்சியக்கா என்பேன், அவர் என்னைப் பாய் என்பார். அந்த ஸ்கேன் சென்டரில் பெருக்கித் துடைப்பது, டீ கொடுப்பது, நோயாளிகளை வரிசையில் உட்காரவைப்பது எல்லாம் அவர்தான். கணவர் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அந்த வேலை போனால் இன்னொரு இடத்தில் "முந்தின இடத்தில் ஏன் விட்டீர்கள்?" என்று கேட்பார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே எங்கள் கம்பெனி ஒரு எட்டு டிஸ்க் பெட்டி போட்டிருந்தது. வந்த நோயாளிகள் எல்லோருடைய ஸ்கேன் படங்களும் அதில்தான். கட்டிக்கு ஆபரேஷன் ஆனவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருவார்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கட்டி திரும்ப வளர்கிறதா இல்லையா என்று சென்டரின் தலைமை டாக்டரம்மாவால் சொல்ல முடியும். படங்களின் பிரதியைத் தனியே வைக்க ஒரு பேக்கப் வாங்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்திருந்தேன். சென்டர் மேனேஜர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அந்த வாக்கியத்தைச் சொன்னார். எந்த வாக்கியம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் பெட்டியின் காற்றாடி ஒன்று மக்கர் செய்து, உள்ளே எது கெட்டாலும் எச்சரிக்கிற பஸ்ஸர் அலறத் தொடங்கியது. மேனேஜர் போன் போட்டார். "பாய், பேஷண்ட் எல்லாம் பயப்படறாங்க. சீக்கிரம் வந்து அதை பந்த் பண்ணுங்க." போனேன். காற்றாடியை மாற்றினேன். பஸ்ஸர் அந்த ஒரு தடவைக்கு நின்றால் போதாது, இனிமேல் அலறவே கூடாது என்றார். நான் பெட்டியின் செட்டிங்குக்குள் போய் அதை ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். வாடிக்கையாளர் கேட்டார், செய்தேன். நெருப்பு மணியின் நாக்கை அறுத்துவிட்டு வந்தேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அடுத்து நான் செய்தது அதைவிட மோசம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பராமரிப்புக்குப் போய் ஒரு தாளை நிரப்ப வேண்டும். டிஸ்க் ஒன்று முதல் எட்டு வரை எட்டுக் கட்டங்கள், எதிரே "ஓகே" என்று டிக் போட வேண்டும், கீழே கையெழுத்து. அன்றைக்கு இரண்டு மணிக்கு அம்பர்நாத்தில் வேறொரு வேலை. ரிசப்ஷனிலேயே உட்கார்ந்து, பெட்டி இருந்த சர்வர் அறைப் பக்கமே போகாமல், எட்டுக் கட்டத்திலும் டிக் போட்டுக்கொண்டிருந்தேன். பேச்சியக்கா டீ கொண்டுவந்து வைத்தார்.

"பாய், உள்ள அந்தப் பொட்டியில ஒண்ணு செவப்பா எரியுது. நாலு நாளாப் பாக்கேன். மத்ததெல்லாம் பச்சையா இருக்கு. மேனேஜர்ட்ட சொன்னா, 'நீ வெளக்கமாத்தப் பாரு'ங்காரு."

"பாக்கேன்க்கா" என்று சொன்னேன். பார்க்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன். எந்த டிஸ்க் என்றுகூடக் கேட்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. பம்பாயில் தசராவுக்கு ஓடும் வண்டிகளுக்கெல்லாம் சாமந்தி மாலை விழுவது உங்களுக்குத் தெரியும். அந்தச் சென்டரில் பாதிப் பேர் தமிழர்கள், அதனால் முதல் நாளே ஆயுத பூஜை. அன்றைக்கு ஆயுதங்களுக்கு ஓய்வு. ஸ்கேன் மெஷினிலிருந்து பிரிண்டர் வரை எல்லாவற்றையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, மறுநாள் தசராவுக்கும் தொடாமல் விட்டு, அதற்கடுத்த நாள் காலையில்தான் இயக்குவார்கள். எங்கள் தாராவித் தோல் பட்டறைகளிலும் அப்படித்தான், முதலாளி பாயாக இருந்தாலும் வேலைக்காரர்கள் தையல் மெஷினுக்குப் பொட்டு வைப்பார்கள். பார்த்து வளர்ந்தவன் நான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மேனேஜர் போனில் "சர்வரையும் ஆஃப் பண்ணலாமா?" என்று கேட்டார். "முறையா ஷட்டவுன் பண்ணிட்டு ஆஃப் பண்ணுங்க" என்றேன். வருடக்கணக்கில் நிற்காமல் ஓடிய டிஸ்க்குகளை நிறுத்தினால் சில திரும்ப எழுந்திருக்காது என்பது தெரிந்தவன் நான். எட்டும் நலம் என்றால் ஒன்று போனாலும் தாங்கும் என்று நினைத்தேன். எட்டும் நலமா என்று நான்தான் பார்க்கவே இல்லையே.

தசராவுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு போன். பெட்டி கிளம்பவில்லை.

போய்ச் சேர்ந்தபோது ரிசப்ஷன் நிறைய ஆட்கள். சர்வர் அறையில் பெட்டியின் மேல் வாடிய சாமந்தி. மூன்றாவது டிஸ்க்கிலும் ஆறாவதிலும் சிவப்பு விளக்கு. ஆறாவதிலிருந்து டிக் டிக் என்று சத்தம்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இரண்டு செத்துக் கிடக்கின்றன என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. இரண்டும் ஒரே நாளில் சாவது அபூர்வம். முதலில் செத்தது என்றைக்கோ நின்றுபோனது. அதற்குப் பிறகு எழுதிய படங்கள் எதுவும் அதில் இல்லை. கடைசியில் செத்ததில்தான் நேற்றுவரை எல்லாம் இருக்கும். கடைசியில் செத்ததை மட்டும் எப்படியாவது எழுப்பி ஏழாக்கிவிட்டால் பெட்டி பிழைக்கும். தவறி, முதலில் செத்ததைச் சேர்த்தால், பழையதும் புதியதும் கலந்து உள்ளே இருப்பது அத்தனையும் குப்பையாகும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

எது முதலில் செத்தது? பெட்டி அதைக் குறித்து வைத்திருக்க வேண்டும். ஆனால் அதனுள்ளே இருந்த சின்ன பேட்டரி தீர்ந்திருந்தது. கரண்டை நிறுத்தியதும் எல்லாக் குறிப்பும் அழிந்துவிட்டது. சர்வரின் குறிப்புகளோ அதே டிஸ்க்குகளுக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான். என் பையில் இருந்த புதிய டிஸ்க் ஒன்றே ஒன்று. கடைகளில் பாதி அன்றைக்கும் திறக்காது.

கம்பெனியில் எனக்கு மேலே இருந்தவருக்கு போன் செய்தேன். "டிக் டிக்னு சத்தம் போடற ஆறை விடு பாய். மூணு சும்மாதான இருக்கு, அதை ஃபோர்ஸ் பண்ணி உள்ளே சேத்துடு. பாதிக்குப் பாதி சான்ஸ்" என்றார். மனிதர்களின் கட்டியைப் பற்றிய படங்கள், அதற்குப் பாதிக்குப் பாதி! அவருடைய அம்மாவின் படம் உள்ளே இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா? மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சீக்கிரம் ஏதாவது பட்டனை அமுக்குங்க பாய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நெருக்கடியில் உங்கள் தோளைத் தொட்டு அவசரப்படுத்துகிறவர்தான் உங்கள் முதல் எதிரி. நான் கையைக் கட்டிக்கொண்டேன். தெரியாமல் எதையும் அமுக்கமாட்டேன் என்றேன்.

அப்போது அவர் பார்வை சாமந்தியின் மேல் போனது. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அந்தத் தெளிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

"தண்ணி!" என்றார். "அந்தம்மா சந்தனத்தைக் கொழச்சு இதுமேல பூசியிருக்கு பாருங்க. ஈரம் உள்ளே போயிருக்கு. பேச்சி! இங்க வா!"

பேச்சியக்கா வந்தார். வாசலில் நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் மேனேஜர் கத்தினார். லட்சக்கணக்கான ரூபாய் சாமானை நாசமாக்கிவிட்டாள், இன்றோடு வேலை முடிந்தது, கணக்கை முடித்துக்கொண்டு போகலாம் என்றார். கத்திவிட்டு, இன்னொரு ஆளைக் கூப்பிட்டு ஈரத்துணி கொண்டுவந்து எல்லாப் பொட்டையும் துடைக்கச் சொன்னார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் யாருடையது என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் நான் வாயைத் திறக்காமல் நின்றேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

பேச்சியக்கா அழவில்லை. "தண்ணியா? விரல் நுனியில தொட்டு வச்சேன். அதுவும் மூணாவதுல நான் வைக்கவே இல்லையே. அது எப்படிக் கெட்டுச்சாம்?"

நான் திரும்பிப் பெட்டியைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு சந்தனத் தீற்றல், நடுவில் குங்குமம். மூன்றாவது வெறுமையாக இருந்தது.

"ஏங்க்கா வைக்கல?"

"அது செத்துல்லா கெடந்தது. ஒரு மாசத்துக்கு மேலாச் செவப்பு. தெனமும் துடைக்கறப்பப் பாக்கேன். பூசை அன்னைக்கு வெளக்கு எல்லாத்தையும் அணைச்சிருந்தாக, ஆனாலும் எது செத்ததுன்னு எனக்குத் தெரியாதா? செத்துக் கெடக்கதுக்குப் போய் எப்படிப் பொட்டு வைக்க?"

துணியோடு வந்த ஆளின் கையைப் பிடித்து நிறுத்தினேன். போனில் படம் எடுத்தேன். மூன்று பூஜைக்கு முன்பே செத்தது. ஆறு ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்திய பிறகுதான் எழவில்லை. எழுப்ப வேண்டியது ஆறை. பாதிக்குப் பாதி என்றாரே, அவர் சொன்னதைக் கேட்டு மூன்றை அமுக்கியிருந்தால் அத்தனையும் போயிருக்கும். எங்கள் படிப்பு, சான்றிதழ், பெட்டியின் குறிப்பு எதுவும் சொல்லாததை விளக்குமாறு பிடித்த கை சொல்லியிருந்தது.

பிறகு நடந்ததை விரிக்கமாட்டேன், அது உங்களுக்கும் தெரிந்த வேலை. ஆறைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, பலமுறை முயன்று சுழலவைத்து, பையில் இருந்த ஒரே புதிய டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். பிரதியைப் பெட்டியில் சேர்த்தேன். மறுநாள் மதியம் பெட்டி உயிரோடு வந்தது. டாக்டரம்மா ஒரு பெண்ணின் பழைய படத்தைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மாதுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர், அதிகம் பேசாதவர். பேச்சியக்கா அப்போது அங்கே இல்லை. முந்தைய நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படத்தைக் காப்பாற்றியதும் அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மேனேஜர் ரிப்போர்ட் கேட்டார். என்ன எழுத வேண்டும் என்றும் அவரே சொன்னார். "பூஜை சமயத்துல ஈரம் உள்ளே போனதால பழுது. ஒரு லைன் போதும் பாய், உங்களுக்கும் பிரச்சினை இல்லை, எங்களுக்கும் இல்லை." எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். பழி பேச்சியக்காவுக்கு, கையெழுத்து எனக்கு. நாளைக்கு யாராவது கேட்டால், பூஜையைக் குறை சொன்னது அந்தப் பாய்தான் என்று அவர் ஒதுங்கிக்கொள்ளலாம். ஊருக்கு இளைத்தவர்கள் இரண்டு பேரைப் பிடித்து ஒரே கயிற்றில் கட்டப் பார்த்தார்.

நான் வேறு வரிகளை எழுதினேன். பஸ்ஸரை மேனேஜர் கேட்டுக்கொண்டபடி நிறுத்தியவன் நான். பராமரிப்புத் தாளில் டிஸ்க்கைப் பார்க்காமலே ஓகே போட்டவன் நான். நிறுத்தலாம் என்று போனில் சொன்னவனும் நான். மூன்றாவது டிஸ்க் பூஜைக்கு வெகு முன்பே செத்தது, ஊழியர் பேச்சியம்மாள் அதை மேனேஜரிடமும் என்னிடமும் சொன்னார், இருவரும் கேட்கவில்லை. பொட்டு முகப்பில்தான் இருந்தது, ஒரு துளி ஈரமும் உள்ளே போகவில்லை. போனில் எடுத்த படத்தையும் சேர்த்து டாக்டரம்மாவின் கையில் நேராகக் கொடுத்தேன். என் கம்பெனியில் "உனக்குப் பைத்தியமா பாய்?" என்று கேட்டார்கள். எனக்கு வரவேண்டிய பதவி இன்னொருவருக்குப் போனது. போகட்டும், அதற்கு நான் தகுதியானவன்தான். எழுதியதால் நான் நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நான் எழுதும் முன்பு இரண்டு நாள் பேச்சியக்கா வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா பேச்சியக்காவைக் கூப்பிட்டனுப்பினார். புதிய டிஸ்க்குகள் போடுவதற்காக அன்று நானும் அங்கே இருந்தேன். மேனேஜர் ஒரு கடிதம் தயாராக வைத்திருந்தார், இங்கிலீஷில். "இதுல ஒரு சைன் போட்டுட்டு வேலைக்கு வந்துடு" என்று நீட்டினார். பேச்சியக்கா அதை வாங்கி நேராக என்னிடம் கொடுத்தார்.

"என்ன எழுதியிருக்காக பாய்?"

படித்தேன். "நடந்த தவறுக்காக உங்கள மன்னிச்சு மறுபடியும் வேலை தர்றாங்களாம். இனி மெஷின் எதையும் தொடக்கூடாதாம்."

"மன்னிச்சா?" அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. "என்ன தப்பு செஞ்சேன்னு மன்னிக்காக? செவப்பு எரியுதுன்னு சொன்னேன். வெளக்கமாத்தப் பாருன்னாக, பாத்தேன். மன்னிக்கணும்னா நான்லா மன்னிக்கணும். இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன். வேல தராட்டிப் போகட்டும்."

டாக்டரம்மா கையை நீட்டிக் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கினார். இரண்டாகக் கிழித்து மேனேஜர் கையில் வைத்தார். "நாளைலேர்ந்து வாங்கம்மா" என்றார். மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, மேனேஜரும் கேட்கவில்லை. அந்த மேனேஜரைப் பின்னால் புதிய கிளைக்குத் தலைவராக்கி அனுப்பினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நியாயம் ஜெயித்தது என்று நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது.

மறுநாள் வேலை முடிந்து, ரிசப்ஷனில் உட்கார்ந்து பராமரிப்புத் தாளை எடுத்தேன். பேச்சியக்கா வாளியோடு வந்தார். ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "உங்களாலதான்க்கா தப்பிச்சோம்" என்றேன்.

அவர் என் கையில் இருந்த தாளைப் பார்த்தார். எட்டுக் கட்டங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் அது என்ன தாள் என்று அவருக்குத் தெரியும். அதே நாற்காலியில் நான் உட்கார்ந்து டிக் போட்டபோது டீ வைத்தவர் அவர்தான்.

"நான் செத்ததுக்குப் பொட்டு வைக்கல பாய்" என்றார், கோபமே இல்லாமல். "நீங்கதான் வச்சீக."

நான் பேனாவை மூடினேன். எழுந்து சர்வர் அறைக்குள் போய் ஒன்றிலிருந்து எட்டு வரை ஒவ்வொரு விளக்காக நின்று பார்த்தேன். வெளியே வந்து, அதன் பிறகுதான் டிக் போட்டேன். முடிக்கும்வரை அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.